கல்லுக்குள் மேல்செட்

“தள்ளுங்க டீச்சர். ஒவ்வொண்ணா உடைச்சாத்தான் எதுல இருக்குன்னு தெரியும்.”

“உடைங்க. முதல்ல என்னை உடைச்சிட்டு அப்புறமா அதை உடைங்க.”

இந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்காதா? மெஷினை நிறுத்தினேன். நூல் தீர்ந்துபோனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து, நேராக அந்தக் கட்டடத்தின் கீழ்த்தள வாசலில் போய் நின்றேன். நூல்கடை அந்தப் பக்கம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு முன்பே அங்கே நாலு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பக்கம் வேலை கிடையாது.

உள்ளே, கையில் சின்னச் சுத்தியலோடு பல்செட்காரர் நின்றார். அவருக்கு எதிரே, சுவர் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்தபடி மண் டீச்சர். டீச்சர் குள்ளம், அவர் நெட்டை. சுத்தியலை அவள் தலைக்கு மேலாகவே நீட்டி அலமாரியைத் தொட்டுவிடலாம். ஆனால் தொடவில்லை. கீழே பாயில் பொடிசுகள் வரிசையாக உட்கார்ந்து, பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்தாட்டம் பார்க்கிற தலைகள் மாதிரி எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பின.

தெரியாதவர்களுக்காக இந்த இருவரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்தில் கீழே இரண்டு அறை. சின்ன அறையில் பல்செட்காரர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதை வைத்துப் பல்செட் கட்டிக் கொடுப்பார். மனைவி தவறிப்போய் இரண்டு வருஷம். ஐந்து வயதில் ஒரு பெண். அவளை நாங்கள் குட்டி பல்செட் என்போம். பெரிய அறையில் மண் டீச்சரின் பாலர் வகுப்பு. முன்பு அது சலவைக்கடையாக இருந்ததால் மூலையில் ஒரு குழாயும் தண்ணீர் போக வழியும் உண்டு. அதற்காகவே அந்த அறையைப் பிடித்தாள்.

மற்ற பாலர் வகுப்புகளில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வரும். இங்கே காதுக்குள் மண்ணோடு வரும். டீச்சர் சொல்லித்தருவது பூமியைப் பற்றி, அதுவும் கையால் தொட்டு. வீட்டு வாசலில் இருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்வாள். பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, அசையாமல் வைப்பாள். பெருமணல் அடியில், பொடிமணல் அதன் மேல், களி அதற்கும் மேல் என்று அடுக்கடுக்காகப் படியும். வீட்டில் ஒரு நிமிஷம் உட்காராத என் தங்கை மகன், அந்தப் பாட்டிலுக்கு முன்னால் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். இன்னொரு நாள் தட்டில் மணல் மேடு கட்டி, பூவாளியால் மழை பெய்ய வைத்து, ஆறு எப்படி வழி வெட்டுகிறது என்று காட்டுவாள். அந்த ஆறு தட்டோடு நிற்காது. வகுப்பைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, மாடிப்படியின் கீழே போய்த் தேங்கும்.

அங்கேதான் பிரச்சினை. மாடியில் குடியிருப்பது வீட்டுக்காரம்மா. கட்டடம் முழுக்க அவருடையது. போன மாதம் அந்த ஆற்றில் கால்வைத்து வழுக்கி, முதல் படியில் சொத்தென்று உட்கார்ந்தார். எழுந்ததும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். இன்னொரு தடவை மண் வாசப்படியைத் தாண்டினால் அந்த மாசக் கடைசியில் ரூமைக் காலி பண்ண வேண்டும். டீச்சர் அன்றிலிருந்து வேறு இடம் தேடி அலைந்தாள். சின்னப் பிள்ளைகள் என்றதும் உள்ளே வாங்க என்கிறார்கள். மண் என்றதும் நாங்களே அந்த இடத்தை உபயோகிக்கப் போகிறோம் என்கிறார்கள். இந்த அறை போனால் வகுப்பே போச்சு என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். டீச்சர் தெருவில் இருக்கிற ஆண்களை எல்லாம் அண்ணா என்று கூப்பிடுவாள். இஸ்திரி போடுகிறவர் அண்ணா, பால் போடுகிறவர் அண்ணா, என் வீட்டுக்காரர்கூட அண்ணாதான். பல்செட்காரரை மட்டும் சார் என்பாள். இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, தண்ணீர் ஊற்றினால் இறுகுகிற மிச்ச பிளாஸ்டர் மாவை எல்லாம் அவர் இவளுக்குத்தான் கொடுப்பார், சும்மாவே.

சண்டையும் அந்த பிளாஸ்டரால்தான் வந்தது.

அந்த வாரம் வகுப்பில் புதைபடிவம். ஆதி காலத்து மிருகங்களின் எலும்பும் பல்லும் சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, பின்னால் யாரோ தோண்டி எடுக்கிறார்களே, அது. டீச்சர் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கெட்டியான சின்னப் பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். என்னவென்று யாரிடமும் சொல்லக் கூடாது. அது ஒட்டாமலிருக்க வாஸ்லின் தடவி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, கீழே ஒரு அடுக்கு மணல் கலந்த பிளாஸ்டர், மேலே ஒரு அடுக்கு வெறும் பிளாஸ்டர் என்று ஊற்ற வேண்டும். இறுகியதும் எல்லாக் கட்டிகளையும் கலந்துவிட்டு, அடுத்த வாரம் ஆளுக்கொன்றாக எடுத்துத் தோண்ட வேண்டும். அதுவரை ரகசியம் ரகசியமாகவே இருக்க வேண்டும். வழக்கமாகக் கொடுக்கிற வெள்ளை பிளாஸ்டர் தீர்ந்துபோனதால், பல்செட்காரர் தான் அச்சு வார்க்கிற மஞ்சள் மாவைக் கொடுத்திருந்தார். அது வெள்ளையைவிடப் பல மடங்கு கெட்டி. பொடிசுகளின் பிரஷ்ஷுக்கெல்லாம் அசையாது. இரண்டு பேரும் அதை யோசிக்கவில்லை.

அன்று காலையில் குட்டி பல்செட்டுக்கு வீட்டில் பொருள் ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவின் மேஜையில் ஒரு கிண்ணத் தண்ணீரில், சரிபண்ண வந்திருந்த ஒரு மேல்செட், அதாவது மேல்வரிசைப் பல், கிடந்தது. டீச்சர் படத்தில் காட்டிய பல் எல்லாம் பழுப்பாக, உடைந்து கிடந்தது. இது பளபளவென்று முழுசாக இருந்தது. பிறகு என்ன, அவள் ஃபிராக் பையில் ஏறிவிட்டது.

மத்தியானம் காலிக் கிண்ணத்தைப் பார்த்தவர், காலையில் மகள் பொருள் தேடியது நினைவு வந்து, சுத்தியலோடு இங்கே வந்துவிட்டார்.

“யாரோட பல்லு சார் அது? அவங்ககிட்ட ஒரு வார்த்தை நான் பேசுறேன்” என்று டீச்சர் கேட்டாள்.

“அதைச் சொல்ல மாட்டேன். யாருக்குக் கட்டுறேன்னு நான் வெளிய சொன்னதே இல்ல. சாயங்காலத்துக்குள்ள அது அவங்க வாய்ல இருக்கணும். அவ்வளவுதான்.”

சரி, மகளையே கேளுங்கள் என்று வாசலில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். அப்பா மகள் பக்கம் திரும்பினார். எதில் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார், அதட்டிக் கேட்டார், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார். குட்டி இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு ரூல்” என்றாள் கடைசியில்.

தொழில் ரகசியத்தை அப்பன் சொல்லமாட்டான், விளையாட்டு ரகசியத்தை மகள் சொல்லமாட்டாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது. டீச்சரும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றைச் சொல்ல விட்டால் எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடும், ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கப்போகிற பிள்ளைகளை நான் எப்படி ஏமாற்றுவேன் என்று நியாயம் பேசினாள். பல்செட்காரர் உங்கள் நியாயத்தை வைத்து மனுஷர் மெல்ல முடியுமா என்றார். சத்தம் மறுபடி ஏறியது.

அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். மடிப்புக் கலையாத புடவை, வாரி முடித்த கொண்டை, வாயில் பொத்திய கைக்குட்டை. காலையிலிருந்து அவர் தலையே தெரியவில்லை, வேலைக்காரியைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டாரே, ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் இப்போது விளங்கிவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பல்செட்காரர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“என்னோடதுதான்” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன, ஆனால் புரிந்தது. “எல்லாருக்கும் போதுமா?” என்று கேட்டபோது என்னைத்தான் பார்த்தார். நான் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“சாயங்காலம் மெத்தைக்கடைக்காரர் வர்றார். இந்த ரூமைப் பேச. நேத்து ராத்திரிகூட மண்ணு படியில கிடந்துச்சு. நான் பாத்தேன். பல்லு இல்லாத வாயோட ஒருத்தன் முன்னாடி உக்காந்து வாடகை பேச என்னால முடியாது. மறைச்சு வச்சு உங்கிட்ட உதவி வாங்க எனக்குப் பிடிக்கல. அதான் சொல்லிட்டேன்.”

டீச்சரின் விரித்த கைகள் தானாக இறங்கின.

நியாயமாகப் பார்த்தால் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். குட்டி சாயங்காலம் வரை வாயைத் திறக்கமாட்டாள் என்பது தெரிந்ததுதான். பல்லில்லாமல் வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கமாட்டார். மெத்தைக்கடைக்காரர் தட்டிவிட்டுப் போயிருப்பார். இந்தக் காலத்தில் வேறு இடமா கிடைக்காது அவருக்கு? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். வாசலில் நின்றவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள். டீச்சர் அலமாரியைப் பார்த்தாள், மூலைக் குழாயைப் பார்த்தாள், ஜன்னலில் வரிசையாகத் தெளிந்துகொண்டிருந்த பாட்டில்களைப் பார்த்தாள். பிறகு பாயில் மண்டிபோட்டாள்.

“குட்டி, நீ சொல்லலாம்டா. டீச்சரே சொல்றேன்.”

“அப்ப எல்லாரும் சொல்லலாமா?”

“இல்ல, நீ மட்டும். மத்ததெல்லாம் சாமான். இது அவங்க உடம்புல ஒண்ணு மாதிரி. அது இல்லாம அவங்களால வெளிய வர முடியல, பாரு.”

குட்டி வீட்டுக்காரம்மாவின் கைக்குட்டையைப் பார்த்தாள். எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டில் விரலை வைத்தாள். கட்டி ஈரமாக இருந்தபோதே யாருக்கும் தெரியாமல் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி வைத்திருந்தாளாம். மற்ற கட்டிகளை நானும் எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏதாவது கீறலோ குழியோ இருந்தது. பொடிசுகள் என்றால் லேசா?

இனி அவசரப்படக் கூடாது என்பது பல்செட்காரருக்கும் தெரியும். மஞ்சள் மாவு கல்லாகிவிட்டிருந்தது. ஓங்கி அடித்தால் பல்லும் சேர்ந்து போகும். பக்கத்து அறையிலிருந்து கத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து, பாயின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓரத்திலிருந்து செதில் செதிலாகச் சீவ ஆரம்பித்தார். தனியாக உள்ளே கொண்டுபோய்ச் செய்கிறேன் என்றுதான் முதலில் சொன்னார். பொடிசுகள் விடவில்லை. ஒரு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டியது இன்றைக்கே கிடைக்கிறது, யார் விடுவார்கள்? டீச்சர் பிரஷ்களைக் கொடுத்து, அவர் சீவுகிற தூளை முறைவைத்துத் துடைக்கச் சொன்னாள். மேல் அடுக்கு தீர்ந்து மணல் அடுக்கு வந்ததும், பாருங்க, இப்ப நாம இன்னும் பழைய காலத்துக்குப் போயிட்டோம் என்றாள். ரூம் கைவிட்டுப் போகிற நேரம். இருந்தாலும் பாடத்தை விடவில்லை.

வீட்டுக்காரம்மா மாடிக்குப் போகவில்லை. பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் முகவாயில் இடிக்க, கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு. பிறகு ஒரு கடைவாய்ப்பல். எதைத் தோண்டி எடுத்தாலும் என்னென்ன கேட்க வேண்டும் என்று டீச்சர் முன்னாலேயே பழக்கி வைத்திருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்துபோன ஒரு பயல் ஆரம்பித்தான்.

“டீச்சர், இது எந்த மிருகம்?”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் யாரோ இருமினார்கள். நான்தான்.

“பெரிய மிருகம்” என்று வீட்டுக்காரம்மாவே சொன்னார்.

“என்ன தின்னும்?”

“வாசப்படியில மண்ணு போடுறவங்களைத் தின்னும்.”

பிள்ளைகள் அதை ஒப்புக்கொண்டன. அப்படியும் மிருகங்கள் இருக்கத்தான் செய்யும்.

“செத்துப்போச்சா?”

“இல்ல. மாடியில இருக்கு.”

“பல்லு இங்க இருக்கே, அப்ப எப்படிச் சாப்பிடும்?” என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள்.

அந்தப் பயல் தன் மேலுதட்டைத் தூக்கி வெற்று ஈறைக் காட்டினான். “எனக்குந்தான் இல்ல. நான் பிஸ்கட்டைப் பால்ல ஊற வச்சுச் சாப்பிடுறேன். மாடியில போய் அதுகிட்டச் சொல்லுங்க.”

வீட்டுக்காரம்மாவின் தோள் குலுங்கியது. கைக்குட்டை மடியில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று அந்தப் பயலின் ஈறைப் பார்த்துத் தன் ஈறு தெரியச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன, காரணம் தெரியாமல். யாருக்கும் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்குப் பல் கிடையாது.

செட் முழுசாக வந்தது, ஓரத்தில் ஒரு பல் மட்டும் மூளியாக. ஒட்டித் தருகிறேன், ஒரு நாள் கொடுங்கள் என்றார் பல்செட்காரர். நேரம் இல்லை என்று கழுவி வாங்கிக்கொண்டு வீட்டுக்காரம்மா மாடியேறினார். டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். காலி பண்ணுகிறவர்கள் துடைக்கிற மாதிரித் துடைத்தாள்.

சாயங்காலம் மெத்தைக்கடைக்காரர் தம்பியோடு வந்து இறங்கினார். வீட்டுக்காரம்மா தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைகளை அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் எண்ணவில்லை, நானே நின்று எண்ணினேன், நிதானமாக.

மெத்தைக்கடைக்காரர் கீழே ரூம் தரை ஈரமாக இருக்கிறதே என்றார். அங்கே ஒரு ஆறு ஓடுது, நிறுத்திடலாம் என்றார் வீட்டுக்காரம்மா. அவர் வாடகையைக் குறைத்துக் கேட்க, இவர் ஏற்றிச் சொல்ல, பல் வந்த வாய் பேரத்தில் ஒரு அடி பின்வாங்கவில்லை. பெரிய அறை அடுத்த மாதத்திலிருந்து மெத்தைக்கடைக்கு என்று முடிவாகிவிட்டது. எனக்கு உறை எண்ணுகிற கணக்கு தப்பியது. மத்தியானம் பார்த்த சிரிப்பு என்ன ஆயிற்று என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். அப்போது மெத்தைக்கடைக்காரர், சரக்கு இறக்கப் பின்பக்கத்துக் கார் கொட்டகையும் வேண்டும் என்றார்.

“பின்பக்கம் பசங்களுக்கு” என்றார் வீட்டுக்காரம்மா. “கொட்டகையும் தோட்டமும் டீச்சருக்குப் பேசியாச்சு. அதுதான் வேணும்னா உங்களுக்கு ரூமும் இல்ல.”

டீச்சரிடம் அப்போது யாரும் ஒன்றும் பேசியிருக்கவில்லை. அடுத்த நிமிஷம் அவளுக்குச் செய்தி சொன்னது நான்தான். படி இறங்குகிற வேகத்தில் ஒரு செருப்பு போய்விட்டது. டீச்சர் முதலில் அழுதாள். கொட்டகை என்றால் தகரக் கூரை, வெயில், முன்பக்கத்துப் பெயர்ப்பலகை போய்விடும் என்றெல்லாம் புலம்பினாள். பிறகு போய்ப் பார்த்தாள். குழாய் இருந்தது. தோட்டம் முழுக்க மண் இருந்தது. வாசற்படி என்று ஒன்று இல்லவே இல்லை. தாண்டுவதற்கு எதுவும் கிடையாது. இரண்டு வாடகையும் வீட்டுக்காரம்மாவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகள் தோண்டுகிற நாளில் மட்டும் கீழே இறங்கி வந்து, அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, என்ன மிருகம் என்று அவரும் கேட்பார்.

இனி யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது.

மெத்தைக்கடைத் தம்பி, வெட்டி மிஞ்சின நுரைப்பஞ்சுத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் பின்பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தான். சிவப்பு, மஞ்சள், நீலம். டீச்சர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தித் தள்ளச் சொல்வாள். நடுவில் மடிந்து மேடாக எழும்பும். மலை இப்படித்தான் உண்டாகிறதாம். தள்ளுவதற்குப் பலம் போதவில்லை என்று தம்பியும் ஒரு பக்கம் நின்று தள்ளினான். தினமும் தள்ளினான். அவனை டீச்சர் பல மாதம் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள், என் காதாலேயே கேட்டேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் அந்தப் பக்கம் கவனமே வைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேருடைய கல்யாணப் பத்திரிகை கையில் வந்தபிறகுதான் எனக்கே தெரியும். இதைவிட அவமானம் எனக்கு வேறு வேண்டாம்.

பல்செட்காரரைச் சார் என்று கூப்பிட்டதற்கு என்ன காரணம் என்று கல்யாணத்தன்று அவளிடமே கேட்டுவிட்டேன். பிளாஸ்டர் சும்மா தருகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றாள்.

அவர் அடுத்த வருஷமே அக்கா இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். மகளை அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாராம். போகிற அன்று குட்டி, டீச்சரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவருடைய சின்ன அறைக்கு இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிற ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல மாதிரிதான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன்.